புல் இல்லை, சீஸும் இல்லை: 2022 கோடையில் சலெர்ஸ் நின்றது ஏன்?

பிரான்சின் நடுவில், கான்டால் மலைகளில், ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை காலையும் மாலையும் ஒரு வேலை தவறாமல் நடக்கும். கறந்த பாலைச் சூடு ஆறுவதற்குள் மரத்தொட்டியில் ஊற்றி உறை சேர்ப்பார்கள். சலெர்ஸ் என்ற சீஸ் அப்படித்தான் தொடங்குகிறது. 2022 ஆகஸ்ட் நடுவில் அந்த வேலை நின்றது. மாடுகளுக்கு நோய் எதுவும் இல்லை. வேலைநிறுத்தமும் இல்லை. வாங்க ஆள் இல்லாமலும் போகவில்லை. மாடுகள் கறந்துகொண்டுதான் இருந்தன. மேய்வதற்குப் புல் இல்லை, அவ்வளவுதான்.

பால் இருக்கிறதே, அப்புறம் ஏன் சீஸ் செய்யக்கூடாது? இந்த நிகழ்வின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அன்றைக்குச் செய்தி உலகம் முழுக்கப் போனது. ஆனால் பெரும்பாலான இடங்களில் ‘வறட்சியால் சீஸ் தட்டுப்பாடு’ என்ற அளவோடு விட்டுவிட்டார்கள். உண்மையில் அங்கே இல்லாமல் போனது சீஸ் அல்ல. கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தேவையான ஒரு பொருள்தான் இல்லாமல் போனது.

என்ன சீஸ் இது

கான்டால் என்பது ஓவெர்ன் பகுதியில் உள்ள மாவட்டம். பழைய எரிமலை ஒன்றின் மிச்சம்தான் அந்த மலைகள். எரிமலை அடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. உயரமான சிகரம் 1,855 மீட்டர். எரிமலைப் பாறை சிதைந்து உருவான மண், மேற்கிலிருந்து வரும் மழை இரண்டும் சேர்ந்து அங்கே புல்லை வளர்க்கின்றன. நெல்லோ திராட்சையோ விளையாத அந்த உயரத்தில் மனிதன் பிழைக்க ஒரே வழி, புல்லை மாட்டுக்குக் கொடுத்துப் பாலாக்கி, பாலை மாதக்கணக்கில் கெடாத பொருளாக மாற்றுவது. சலெர்ஸ் என்பது அந்த மலையில் இருக்கும் சிறிய ஊரின் பெயர். அங்கே தேறிய மாட்டினத்துக்கும் அதே பெயர், சீஸுக்கும் அதே பெயர்.

1961-இல் சலெர்ஸுக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. நம் புவிசார் குறியீட்டைப் போன்றதுதான், ஆனால் பிடி இன்னும் இறுக்கமானது. எங்கே செய்தது என்பதோடு எப்போது, எப்படி, எதைத் தின்ற மாட்டின் பாலில் செய்தது என்பதையும் விதித்தொகுப்பு கட்டிப்போடுகிறது. பண்ணையில்தான் செய்ய வேண்டும், தொழிற்சாலைக்கு இடமில்லை. தன் மந்தையின் பாலைத் தவிர வேறு பாலைச் சேர்க்கக்கூடாது. காய்ச்சாத பச்சைப் பாலாக இருக்க வேண்டும். மரத்தொட்டியில்தான் உறைய வைக்க வேண்டும். மூன்று மாதமாவது நிலவறையில் பழுக்க வேண்டும். இப்படிச் செய்பவர்கள் எண்பதுக்கும் குறைவான பண்ணைக்காரர்கள்தான்.

இதற்கு அண்ணன் முறையில் கான்டால் என்ற சீஸ் இருக்கிறது. 1956-இல் பாதுகாப்புப் பெற்றது. செய்முறை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அதை ஆண்டு முழுக்கச் செய்யலாம், ஆலையிலும் செய்யலாம், பாலைச் சூடாக்கியும் செய்யலாம். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொட்டியருகே

சலெர்ஸ் இன மாடு கருஞ்சிவப்பு நிறம், சுருட்டை முடி, யாழ் வளைவில் கொம்பு. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது பாலை இறக்காது. கையால் கறந்தாலும் சரி, எந்திரம் மாட்டினாலும் சரி, மடி இறுகியே இருக்கும். அதனால் ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் கன்றை அவிழ்த்துவிடுகிறார்கள். கன்று மடியை முட்டி முட்டிச் சப்பும். பால் இறங்கியதும் கன்றை இழுத்துத் தாயின் முன்காலருகே கட்டுவார்கள். கன்றின் முதுகில் கொஞ்சம் உப்பைத் தூவிவிடுவதும் உண்டு. தாய் அதை நக்கிக்கொண்டே அசையாமல் நிற்கும், கறவை முடியும். கடைசியில் மிஞ்சுவது கன்றுக்கு. நாட்டு மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் பாதி புதிதல்ல.

இவ்வளவு மெனக்கெட முடியாமல் பெரும்பாலோர் இன்று வேறு கறவை இனங்களுக்கு மாறிவிட்டார்கள். விதி அதை அனுமதிக்கிறது. சலெர்ஸ் இனத்தின் பாலை மட்டும் வைத்துச் செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுடைய சீஸுக்குத் தனி அடையாளம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்த இனத்தைத் தேர்ந்து செம்மைப்படுத்திய எர்னெஸ்ட் திசாந்தியே தெஸ்கூவின் மார்பளவுச் சிலை சலெர்ஸ் ஊரின் நடுச்சதுக்கத்தில் நிற்கிறது. மாட்டுக்காக ஒருவருக்குச் சிலை வைத்த ஊர் என்றால் அங்கே மாடு யார் என்று புரிந்துகொள்ளலாம்.

கறந்த பால் போய்ச்சேரும் மரத்தொட்டிக்கு ஜெர்ல் என்று பெயர். பலகைகளை நிறுத்தி வளையம் போட்டு இறுக்கிய, பீப்பாயைப் பாதியில் வெட்டியது போன்ற தொட்டி. பால் அதில் விழும்போது ஏறக்குறைய 33 டிகிரி, மாட்டின் உடம்புச் சூடு இன்னும் போகவில்லை. அடுப்பு கிடையாது. கடையில் வாங்கிய பாக்டீரியாத் தூளும் கிடையாது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைநொதியை மட்டும் சேர்ப்பார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். பிறகு அதைக் கலைத்து மக்காச்சோள மணி அளவுக்கு உடைத்து, கீழே படிய விட்டு, மேலே பிரிந்து நிற்கும் தெளிநீரை வடிப்பார்கள்.

அடியில் தங்கியதைத் துணியில் சுற்றி அழுத்துவார்கள். வெட்டி, திருப்பிப் போட்டு, மறுபடி அழுத்துவார்கள். இப்படிப் பலமுறை. பிறகு அந்தப் பாளம் ஓர் இரவு போல ஓய்வெடுக்கும். உள்ளே புளிப்பு ஏறும். மறுநாள் அதைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு அரைத்து, உப்புப் பிசிறி, அச்சில் போட்டு இரண்டு நாள் அழுத்தத்தில் வைப்பார்கள். முதலில் கட்டியாக்கி, அதை உடைத்து, திரும்பவும் கட்டியாக்குவதுதான் சலெர்ஸ் செய்முறையின் மையம். பழுத்த சலெர்ஸை விண்டால் பொலபொலவென்று உதிர்வதற்கு இதுவே காரணம். கடைசியில் வருவது 40 கிலோ அளவிலான உருளை. ஓர் உருளைக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால். பக்கத்தில் சிவப்பு உலோகத் தகடு பதித்திருக்கும்.

முன்பெல்லாம் இந்த வேலை கோடை முழுக்க மலைமேல் இருக்கும் புரோன் என்ற கல் குடிசைகளில் நடந்தது. சரிவைக் குடைந்து பின்பக்கம் நிலவறை, முன்பக்கம் சீஸ் செய்யும் அறை, மேலே பரணில் படுக்கை. மே கடைசியில் மந்தையோடு ஏறி அக்டோபரில் இறங்குவார்கள். வடித்த தெளிநீரைக் குடிக்கப் பக்கத்திலேயே பன்றிகள் இருக்கும். இப்போது பெரும்பாலான புரோன்கள் இடிந்து கிடக்கின்றன. சில விடுதியாகவும் உணவகமாகவும் ஆகிவிட்டன. வேலை கீழே பண்ணைகளுக்கு இறங்கிவிட்டது.

நான்கில் மூன்று பங்கு

2022-இல் எல்லாவற்றையும் தீர்மானித்த விதிக்கு வருவோம். சலெர்ஸ் செய்யும் காலத்தில் மாட்டின் தீனியில், உலர் எடைக் கணக்கில், குறைந்தது 75 சதவீதம் மேய்ச்சல் புல்லாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும் எண் இது. தரையில் இறக்கிப் பார்ப்போம். ஒரு கறவை மாடு நாளுக்கு 16 கிலோ உலர் தீனி தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்கு 12 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் பொருள், மீதி தண்ணீர். ஆக ஒரு மாடு ஒவ்வொரு நாளும் தானே நடந்து, தானே கடித்துத் தின்ன வேண்டிய பச்சைப் புல் 60 கிலோ. 50 மாடு இருந்தால் நாளுக்கு 3 டன். இது ஏதோ சில நாளுக்கு அல்ல, ஏழு மாதத்துக்கு.

இந்த எண் அதிகாரிகள் மேலிருந்து திணித்தது என்று நினைக்க வேண்டாம். இத்தகைய விதித்தொகுப்புகளை உற்பத்தியாளர்களே கூடி எழுதி முன்வைக்கிறார்கள். பிறகுதான் அரசின் ஏற்பு வருகிறது. எழுதியதற்குக் காரணமும் உண்டு. மேய்ச்சல் புல்லில் இருக்கும் கரோட்டின் பாலுக்கும் சீஸுக்கும் மஞ்சள் நிறம் தருகிறது. புல் தின்னும் மாட்டின் பால் கொழுப்பு மென்மையாக இருக்கும். சூடாக்காத பாலில், வெளியிலிருந்து பாக்டீரியா சேர்க்காத முறையில், மாடு நின்ற நிலத்தின் தடம் அழியாமல் சீஸ் வரை வருகிறது. உலர் புல்லுக்கு மாற்றினால் பாலும் மாறும். சுவையில் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்பது வேறு விஷயம். பெயர் ஒன்றைச் சொல்ல, உள்ளே வேறொன்று இருக்கும்.

எப்படி வறண்டது

ஆகஸ்டில் திடீரென்று வந்த பஞ்சம் அல்ல இது. அந்த ஆண்டு பிரான்சில் மே மாதமே பதிவுகளில் இல்லாத வெப்பம். வசந்தத்தில் மழை குறைந்ததால், குளிர்காலத்துக்காக வெட்டி உலர்த்தும் முதல் புல் அறுவடை பல இடங்களில் மெலிந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என மூன்று வெப்ப அலைகள். மொத்தம் 33 நாள். ஜூலையில் நாடு முழுவதற்கும் சராசரியாகப் பெய்த மழை 9.7 மில்லிமீட்டர். வழக்கத்தைவிட 80 சதவீதத்துக்கும் மேல் குறைவு. 1959-இல் தொடங்கும் பதிவுகளில் இவ்வளவு வறண்ட ஜூலை இல்லை.

மலைப்புல் குளிர்ச்சிக்குப் பழகிய இனம். 25 டிகிரிக்கு மேல் போனால் வளர்ச்சி மந்தமாகும். தண்ணீரும் இல்லையென்றால் நின்றே போகும். வழக்கமாக ஜூனில் மேய்ந்த இடம் ஜூலையில் மறுபடி தளிர்க்கும், மந்தை அங்கே திரும்பும். 2022-இல் அந்தத் தளிர்ப்பு வரவே இல்லை. மாடு ஒரு பக்கம் மேய்ந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் பின்னால் பழுப்புத் தரைதான். விதி அனுமதிக்கும் 25 சதவீதத்தை உலர் தீனியால் நிரப்பிச் சில வாரம் சமாளிக்கலாம். அதற்கு மேல் கணக்கு உதைக்கும். ஆகஸ்ட் நடுவில் உதைத்தது. வழக்கமாக நல்ல மழை காணும் மலை அது என்பதால், அங்கே பெரும்பாலோருக்கு இதற்கு முன் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

மூன்று வழிகள்

அந்தக் காலையில் பண்ணைக்காரர் முன் இருந்தவை மூன்று வழிகள் என்று எனக்குப் படுகிறது.

சொல்லாமல் செய்துகொண்டே போகலாம். உலர் புல் தின்ற மாட்டின் பாலில் செய்த உருளைக்கும் அதே எடைதான், அதே தோல்தான், அதே தகட்டைப் பதிக்கலாம். ஆறு மாதம் கழித்துப் பாரிசில் வாங்கித் தின்பவருக்குத் தெரியப்போவதில்லை. இந்த வழி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர்கள் நிறுத்தியதன் எடை புரியும்.

விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. இயற்கைச் சீற்றம், கடும் வானிலை என்றால் ஐரோப்பிய விதிகளே தற்காலிக மாற்றத்தை ஏற்கின்றன. பிரான்சில் இந்தப் பெயர்களைக் காக்கும் தேசிய நிறுவனமான ஈனாவோவிடம் அந்தக் கோடையில் வேறு பல சீஸ்களுக்கு இப்படித் தளர்வு வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலைக்குப் பால் ஊற்றும் நூற்றுக்கணக்கான குடும்பங்களும் ஆண்டு முழுக்க ஓடும் தொழிலும் இருந்தால் ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது.

மூன்றாவது வழி நிறுத்துவது. சலெர்ஸ் அதைத்தான் செய்தது. இங்கேதான் முன்னால் சொன்ன அண்ணன் உதவிக்கு வருகிறது. சலெர்ஸ் தகட்டைப் பதிக்க முடியாத பாலை வைத்துக் கான்டால் செய்யலாம், அல்லது பாலை அப்படியே பால் நிறுவனத்துக்கு விற்கலாம். குளிர்காலத்தில் பலரும் செய்வது இதைத்தான். ஆகவே பால் வீணாகவில்லை. ஆனால் கான்டாலுக்குக் கிடைக்கும் விலை சலெர்ஸ் விலை அல்ல. வெறும் பாலுக்கு அதைவிடக் குறைவு.

இதில் இன்னொரு இழப்பு மறைந்திருக்கிறது. ஆகஸ்டில் போன நாட்களை டிசம்பரில் ஈடுகட்ட முடியாது. நவம்பர் 15 வந்தால் பருவம் முடிந்தது, மழை தாமதமாக வந்தாலும் சரி. மாடுகளோ ஆகஸ்டிலேயே குளிர்காலத்துக்கு அடுக்கி வைத்திருந்த உலர் புல்லைத் தின்னத் தொடங்கிவிட்டன. கான்டால் மலையில் மாடுகள் கொட்டிலுக்குள் இருக்கும் காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். ஆகஸ்டில் அவிழ்த்த ஒவ்வொரு புல்லுக்கட்டையும் பிப்ரவரியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் நாடு முழுக்கப் புல் கிடைக்காத ஆண்டில்.

முன்பும் ஒரு முறை

வளைந்துகொடுக்கச் சொல்லி இந்தச் சீஸை நெருக்கியது இது முதல் முறை அல்ல. 2004-இல் ஐரோப்பிய உணவுச் சுகாதார விதிகள் புதிதாக வந்தன. உணவு படும் பரப்பு வழவழப்பாகவும் கழுவ எளிதாகவும் இருக்க வேண்டும் என்பது அவற்றின் போக்கு. வேறு பொருள் பயன்படுத்துவோர் அது தகுந்தது என்று அதிகாரிகளுக்கு நிறுவிக் காட்ட வேண்டும். மரத்தொட்டியின் கதி என்ன? நுண்துளைகள் நிறைந்த மரம், ரசாயனம் போடாமல் தண்ணீரும் துலக்குமாறும் தெளிநீரும் கொண்டு கழுவுவது, அதில் காய்ச்சாத பால். சுகாதார ஆய்வாளர் புருவத்தை உயர்த்துவது இயல்புதான்.

கான்டாலின் தலைநகரான ஓரியாக்கில் உள்ள பிரெஞ்சு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் பண்ணைகளுக்குப் போய் ஜெர்ல்களின் உட்சுவரைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்தது. மரத்தின் மேல் லாக்டிக் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்களும் சேர்ந்து அடர்ந்த படலமாகக் குடியிருந்தன. பால் ஊற்றிய சில நிமிடங்களிலேயே அவை பாலுக்குள் இறங்கிவிடுகின்றன. கடையில் வாங்கும் பாக்டீரியாத் தூள் ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு விடை அதுதான். நோய் தரும் பாக்டீரியாக்களான சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் அந்தச் சுவர்களில் தட்டுப்படவில்லை. இடத்தை ஏற்கெனவே பிடித்து, புளிப்பேற்றி, வேண்டாதவை காலூன்ற விடாமல் தடுக்கும் கூட்டம் அது. எஃகுத் தொட்டிக்கு மாறியிருந்தால் அந்தக் கூட்டத்தைத் துடைத்தெறிந்துவிட்டு, அதன் வேலையைப் பொட்டலத்தில் வாங்க வேண்டியிருக்கும். ஜெர்ல் தப்பியது.

பச்சைப் பால் சீஸ் எல்லோருக்கும் எப்போதும் ஆபத்தில்லாதது என்று சொல்ல வரவில்லை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பச்சைப் பாலில் செய்த இத்தகைய சீஸ்களைத் தவிர்க்க வேண்டும் என்று பிரான்சின் சுகாதாரத் துறையே சொல்கிறது. அதைக் கேட்டு நடப்பதே சரி. மரம் என்றாலே அழுக்கு என்ற எண்ணம் பிழையானது என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது.

யார் தலையில் விழுந்தது

நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. முக்கால் பங்கு புல் என்று எழுதிக்கொடுத்து, அதைக் காரணம் காட்டிக் கூடுதல் விலையும் வாங்கிய பெயர் அது. புல் இல்லாத மாதத்திலும் அதே பெயரை ஒட்டினால், புல் இருக்கும் மாதங்களுக்கும் மதிப்பு போய்விடும்.

ஆனால் அந்த நேர்மைக்கு விலை கொடுத்தது யார் என்று பார்க்கும்போது மனம் கனக்கிறது. கடைக்காரர் கொடுக்கவில்லை. நிலவறையில் மூன்று மாதத்துக்கும் மேலாகப் பழுத்த பழைய இருப்பு அவரிடம் இருந்தது. தின்பவரும் கொடுக்கவில்லை. தட்டுப்பாடு அவர் கண்ணில் பட்டிருந்தால் அது மாதங்கள் கழித்துத்தான். அதுவும் விலை கொஞ்சம் ஏறியதாக. விதியை எழுதிய, அதற்குக் கட்டுப்பட்ட பண்ணைக் குடும்பங்கள்தான் முழுச் சுமையையும் தூக்கின.

75 என்ற எண்ணைக் குறைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்று யாராவது சொன்னால் அது எனக்கு ஏற்புடையதல்ல. 60 ஆக்கினால் அடுத்த பெரிய வறட்சியில் 40 என்று கேட்க வேண்டிவரும். 2003-இல் கடும் வெப்பம், 2018 தொடங்கி மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து வறண்ட கோடை, பிறகு 2022. இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. எண்ணை அப்படியே விட்டுவிட்டு, உற்பத்தி நிற்கும் நாட்களுக்குப் பண்ணைக்காரர் கையில் ஏதாவது கிடைக்க வழி செய்வது நல்லது. நல்ல ஆண்டுகளில் விற்கும் ஒவ்வொரு உருளைக்கும் சிறு தொகையைப் பொது நிதியில் ஒதுக்கிவைக்கலாம். ஆண்டுக்கு ஆயிரம் டன்னைக் கொஞ்சம் தாண்டும் சிறிய உற்பத்தி, எண்பதுக்கும் குறைவான குடும்பங்கள். கணக்குப் போட முடியாத அளவு அல்ல.

நிலத்திலும் செய்ய வேலை இருக்கிறது. ஒரே வகைப் புல்லுக்குப் பதிலாக ஆழ வேரோடும் செடிகளும் பயறு வகைத் தீவனங்களும் கலந்த மேய்ச்சல் நிலம் வறட்சியை இன்னும் சில வாரம் தாங்கும். வேலியோர மரங்களின் நிழலில் புல் அவ்வளவு சீக்கிரம் காயாது. மந்தையின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு மாட்டுக்குக் கிடைக்கும் நிலம் கூடும். ஆனால் 400 லிட்டர் பாலுக்கு ஓர் உருளை என்ற கணக்கு மட்டும் மாறாது. மாடு குறைந்தால் உருளையும் குறையும். அந்த வித்தியாசத்தை, வாங்குபவர் கிலோவுக்குக் கொடுக்கும் விலையில்தான் தேட வேண்டும்.